வாசகர் கேள்வி – பதில்: வீட்டுக்குள் ஓர் ஒலிப்பதிவு அறை

கேள்வி (அம்பாசமுத்திரம் வாசகர்): அண்ணாச்சி, கையில 20,000 ரூபா இருக்கு, லேப்டாப்பும் இருக்கு. வீட்லயே பாடிப் பதிவு பண்ணணும். ஆன்லைன்ல மைக்கு, ஸ்டாண்டு, சின்ன சவுண்ட் கார்டு எல்லாம் சேர்ந்த செட்டு 3,000 ரூபாய்க்குப் போட்டிருக்கான். அத வாங்கிட்டு மிச்சத்துக்கு ஸ்பீக்கர் வாங்கிரலாமா?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். அந்த மாதிரி செட்டில் வருவது பெரும்பாலும் கண்டன்சர் மைக். அது சரியாக வேலை செய்ய 48 வோல்ட் ஃபேன்டம் பவர், அதாவது கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம், வேண்டும். விரல் அளவு யூ.எஸ்.பி. கார்டால் அதைக் கொடுக்க முடியாது. குரல் மெலிந்து விழும். ஒலியைக் கூட்டினால் ‘உஸ்’ என்ற இரைச்சலும் கூடவே ஏறும்.

பணத்தை இப்படிப் பிரியுங்கள். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ்; இரண்டு மைக் செருகும்படியான ஒன்றுக்கு 9,000. ஃபேன்டம் பவர் தேவைப்படாத டைனமிக் மைக்குக்கு 2,500. ஸ்பீக்கருக்குப் பதிலாகக் காதை முழுக்க மூடும் ஹெட்போனுக்கு 4,000. ஸ்டாண்டு, எக்ஸ்.எல்.ஆர். என்ற மூன்று முள் மைக் கேபிள், வாய்க்காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் பாப் ஃபில்டர் மூன்றுக்கும் 2,000. மீதி 2,500 அறைக்கு. இன்டர்ஃபேஸ் வாங்கும்போது பெட்டியில் ‘24 பிட்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்; ஒலியை எவ்வளவு நுணுக்கமாகப் பதியும் என்பதன் அளவு அது. விலை குறைந்த சிலவற்றில் 16 பிட்தான். பாடுவதை நேரே ஹெட்போனில் கேட்கும் டைரக்ட் மானிட்டர் வசதியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாடும் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பிப் பிந்தி வந்து தாளத்தைக் கெடுக்கும். மென்பொருளுக்குச் செலவே இல்லை. ஆடாசிட்டி இலவசம், ரீப்பரை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

டைனமிக் மைக்கைச் சொல்வதற்குக் காரணம் உங்கள் அறைதான். சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையுமாக இருந்தால் ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். ‘டிர்ர்’ என்று ஒரு வால் நீளும். தூரத்தில் வைத்த கண்டன்சர் மைக் அந்த வாலையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். டைனமிக் மைக்கில் வாயை நாலு விரற்கடைக்குக் கொண்டுபோய்ப் பாடும்போது குரல் முன்னால் நிற்கும், அறை பின்னால் போகும்.

முட்டை அட்டை ஒட்டாதீர்கள். கீச்சுக் குரலின் ஓரத்தைக் கொஞ்சம் மழுக்குமே தவிர, அடிக்குரல் எதிரொலியை அது தொடவே தொடாது. தீப்பிடித்தாலும் ஆபத்து. பத்தமடைப் பாயைச் சுவரில் கட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். படுக்கச் சுகமான பாய்தான், ஆனால் அவ்வளவு மெல்லிசு ஒலியைக் குடிக்காது. பழைய பஞ்சு மெத்தையே போதும். பாடுகிறவருக்குப் பின்னால், சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டுக் கொடிக்கயிற்றில் தொங்கவிடுங்கள். மைக் பார்ப்பது பாடுகிறவரையும் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான். அதனால் முதல் மெத்தை அங்கே. இரண்டாவது கிடைத்தால் பக்கவாட்டில். தரைக்கு ஜமுக்காளம். பழைய வீடாக இருந்து, ஜன்னல் இல்லாத அரங்கு வீட்டில் நெல் மூடை அடுக்கியிருந்தால் அதை நகர்த்தவே நகர்த்தாதீர்கள். அதைவிட நல்ல அறை வேறு கிடையாது.

மென்பொருளில் பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வையுங்கள். எவ்வளவு உரக்கப் பாடினாலும் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக் கூடாது. குறைவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். உச்சியில் முட்டிக் கிழிந்த குரலை மீட்க முடியாது.

கேள்வி (பாளையங்கோட்டை வாசகி): சார்ஜர் போட்டால் ஹெட்போனில் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம். கழற்றினால் நின்றுவிடுகிறது. மைக் கெட்டுவிட்டதா?

பதில்: மைக் நன்றாகத்தான் இருக்கிறது. எர்த்தில்தான் கோளாறு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; நீங்கள் கேட்பது அதுவும் அதன் மடங்குகளும். லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே மூன்று முள் பலகையில் செருகுங்கள். அந்த ப்ளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் நிற்கிறதென்று எர்த் முள்ளை மட்டும் வெட்டிவிடாதீர்கள்; உயிருக்கு ஆபத்து. பாடி முடிக்கும்வரை பேட்டரியில் ஓட்டுவது இன்றைக்கே செய்யக்கூடியது.

அதன் பிறகும் மெல்லிசாகக் கேட்டால் கேபிளைப் பாருங்கள். ஒரு முனையில் எக்ஸ்.எல்.ஆரும் மறுமுனையில் சாதாரண ஜாக்கும் உள்ள கேபிள் இரைச்சலை இழுத்து வரும். இரு முனையும் எக்ஸ்.எல்.ஆர். உள்ளதாக மாற்றுங்கள். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், கரென்ட் போனபின் ஓடும் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இரண்டும்கூட இதே மாதிரி ரீங்காரமிடும்.

கேள்வி (களக்காடு வாசகர்): எங்க வில்லுப்பாட்டைப் பதிஞ்சா குடச்சத்தம் எல்லாத்தையும் முழுங்கிருது. ரெண்டு மைக்குதான் இருக்கு.

பதில்: குடத்தின் வாயில் பத்தையால் அடிக்கும்போது ஒலியோடு காற்றும் குப்பென்று வெளியே வருகிறது. அந்தக் காற்றுக்கு நேரே மைக் இருந்தால் ‘தொப் தொப்’ என்று மட்டும்தான் பதியும். மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் ஒரு அடி தள்ளிச் சாய்த்து வையுங்கள். உடுக்கையும் பின்பாட்டும் அதிலேயே ஓரளவு விழும். அவர்களைக் கொஞ்சம் நெருங்கி உட்காரச் சொல்லுங்கள்.

இன்னொரு மைக் பாடுகிற புலவருக்கு. முன்பக்கத்து ஒலியையே அதிகம் எடுக்கும் கார்டியாய்டு வகை மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். அந்தப் பின்பக்கம் குடத்தைப் பார்க்கும்படி திருப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும். ஒரு மைக் தன் ஆளிடமிருந்து எவ்வளவு தூரமோ, அடுத்த மைக் அதைப்போல மூன்று மடங்காவது தள்ளி நிற்க வேண்டும். இல்லையென்றால் இரண்டும் கலக்கும்போது குரல் குழாய்க்குள் பேசுவதுபோல் ஆகும். கலக்கும்போது குரல் தடத்தில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடி ஒலியை வெட்டிவிடுங்கள்.

வில்லில் கட்டிய மணிகளிடம் கவனம். வீசுகோல் பட்ட கணத்தில் எழும் அந்த ‘கிலுங்’ மீட்டர் காட்டுவதைவிட வேகமானது. வில்லடிக்கு மைனஸ் 18லேயே நிறுத்துங்கள்.

கேள்வி (தென்காசி வாசகர்): சாரல் காலத்தில் கண்டன்சர் மைக் ‘படபட’ என்று பொரிகிறது. ஏன்?

பதில்: உள்ளே உள்ள மெல்லிய தகட்டில் ஈரம் ஏறிவிட்டது. வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு நாள் மூடி வையுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். சாரல் முடியும்வரை மைக்கின் இருப்பிடமே அந்த டப்பாதான். பதிவன்று ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, இன்டர்ஃபேஸில் செருகி, 48 வோல்ட் பொத்தானைப் போட்டுவிடுங்கள். பொத்தானைத் தொடும்போது ஹெட்போன் காதில் இருக்கக் கூடாது.