காங்கேசன்துறையில் கப்பல் ஒரு பகல் நிற்கும்போது கிளிநொச்சி போய்வர முடியுமா?

கேள்வி: சென்னையில் ஏறும் கப்பல் காங்கேசன்துறையில் காலை 8 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குப் புறப்படுகிறது. கப்பல்காரரின் சுற்றுலாவில் சேராமல், அப்பா பிறந்த கிளிநொச்சியையும் இரணைமடுக் குளத்தையும் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா?

முடியும். முல்லைத்தீவையும் சேர்க்கப் பார்த்தால்தான் முடியாது.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 6 மணிக்குப் புறப்படும் கப்பலில் பெரும்பாலும் 5 அல்லது 5.30க்குள் எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். கப்பல் வெளியே நங்கூரமிட்டுப் படகில் கரைக்குக் கொண்டுவந்தால், கடைசிப் படகின் நேரம்தான் உங்கள் நேரம். ஆகவே 4 மணிக்குத் துறைமுக வாசலில் நிற்பதாக வையுங்கள். காலையில் குடிவரவுச் சோதனை முடிந்து வெளியே வர 9.30 ஆகிவிடும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நேரம் ஒன்றுதான், மணிக்கூட்டை மாற்ற வேண்டாம்.

வாகனத்தை முதலே பேசி வையுங்கள், வாசலில் வந்து தேடினால் அரை மணித்தியாலம் போய்விடும். இந்தத் தூரத்துக்கு ஓட்டோ சரிவராது, வானோ காரோதான். யாழ்ப்பாண நகருக்குள் போகாமல் தெல்லிப்பழை, அச்சுவேலி, புத்தூர் வழியாக மீசாலையில் ஏ9 வீதியில் (கண்டி - யாழ்ப்பாண நெடுஞ்சாலை) ஏறச் சொல்லுங்கள். கிளிநொச்சிக்குச் சுமார் 75 முதல் 80 கிலோமீற்றர், 2 மணித்தியாலம். வழியில் பளைக் காற்றாலைகள், பிறகு ஆனையிறவு. இரண்டு பக்கமும் களப்பு விரிய வீதி நடுவால் போகும் அந்த இடத்தில் பத்து நிமிடம் இறங்குங்கள். நேர் வீதி என்று சாரதி வேகமாய் ஓடினால் பொலிஸ் மறிக்கும், மிச்சம் பிடித்த நேரம் அங்கேயே போய்விடும். முகமாலைப் பக்கம் சிவப்பு மிதிவெடிப் பலகை எங்கே நின்றாலும் வீதியை விட்டு ஓரடியும் இறங்காதீர்கள். இராணுவ முகாம்களைப் படம் எடுக்காதீர்கள்.

கிளிநொச்சியில் நிற்காமல் நேரே இரணைமடுவுக்குப் போங்கள். நகரத்தைத் தாண்டி, சந்தியில் கிழக்கே திரும்ப வேண்டும். வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம் இது, பரந்தன், கிளிநொச்சி வயல்களுக்கு நீர் பாய்வது இதிலிருந்துதான். மாரி மழை கனத்த வருடத்தில் வான்கதவுகள் திறந்திருக்கும். ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை வந்தால் நீர் இறங்கியிருக்கும், சோளகம் (தென்மேற்குக் காற்று) புழுதியை வாரி அடிக்கும். கண்ணாடி, தொப்பி, தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். அணைக்கட்டின் மேல் நிழலே இல்லை. அருகில் கனகாம்பிகை அம்மன் கோயில் இருக்கிறது, நடை திறந்திருக்கும் நேரத்தை முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர் இருந்தால் அவர்களைக் குளத்தடிக்கோ ஏ9 ஓரக் கந்தசுவாமி கோயிலடிக்கோ வரச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் எழும்ப விடமாட்டார்கள், அதுவும் நியாயம்தான், ஆனால் கப்பல் நிற்காது. அவர்கள் ஆசையோடு தரும் கருவாட்டையும் சமைத்த சாப்பாட்டையும் கப்பல் வாசலில் எடுத்துவிடுவார்கள். அப்பாவின் காணி மண்ணையோ முற்றத்து மரக்கன்றையோ கொண்டுபோக நினைக்காதீர்கள், சென்னையில் மண்ணுக்கும் செடிக்கும் இறக்குமதித் தடையும் கட்டுப்பாடும் உண்டு. உறை ஒட்டிய ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மா), பனங்கற்கண்டு பரவாயில்லை. கடைகளில் இந்தியக் காசை நம்ப வேண்டாம், இலங்கைக் காசில் சின்னத் தாள்களாக வைத்திருங்கள்.

12.45க்கு நகரத்தில் மதியச் சாப்பாடு, 1.30க்கு வாகனம் கிளம்ப வேண்டும். அப்போது நேரம் சரியாக இருந்தால் வந்த வழியே திரும்பாமல், பரந்தனில் மேற்கே பிரிந்து பூநகரி, 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம், நாவற்குழி, கைதடி, கோப்பாய் என்று வாருங்கள். கடல்நீரேரியைக் குறுக்கே கடக்கும் அந்தப் பாலம் ஒன்றுக்காகவே இந்த வழி நல்லது. பூநகரி வீதியில் கட்டாக்காலி மாடுகள் குறுக்கே வரும், 2¼ மணித்தியாலம் ஒதுக்குங்கள். கிளம்ப 1.45ஐத் தாண்டிவிட்டால் பூநகரியை விட்டு ஏ9ஆலேயே திரும்புங்கள்.

இலங்கை விசா உங்கள் பயணச்சீட்டில் அடங்கியிருக்கிறதா, நீங்களே இணையத்தில் எடுக்க வேண்டுமா என்று பயண முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். கூட வருபவர் இந்தியக் கடவுச்சீட்டு இல்லாதவரென்றால் சென்னைக்குத் திரும்பி நுழையவும் செல்லுபடியாகும் இந்திய விசா வேண்டும், ஒரு தடவை நுழைவு விசா இந்தியாவை விட்டுக் கிளம்பியதோடு தீர்ந்துவிடும். கப்பல் அட்டை, கடவுச்சீட்டு அல்லது அதன் பிரதி, துறைமுக முகவரின் தொலைபேசி இலக்கம் மூன்றும் சட்டைப் பையில் இருக்கட்டும். அந்த இலக்கம் முந்தின இரவு அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் இருக்கும்.

கப்பல்காரரின் சுற்றுலா பிந்தினால் கப்பல் காத்து நிற்கும், தனியாகப் போனவருக்கு நிற்காது. வழியில் ரயர் வெடித்தால் அந்த நிமிடமே துறைமுக முகவருக்குத் தொலைபேசி எடுங்கள், கடவுச்சீட்டு கப்பலில் இருந்தால் அதை இறக்கி வைக்க அவரால்தான் முடியும். அது கையில் கிடைத்தால், துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பலாலி விமான நிலையம் இருக்கிறது, அங்கிருந்து சென்னைக்கு விமானம் உண்டு.