ஆட்டிசம் சோதனை: வாசகர் கேட்டவை

பேரனுக்கு இரண்டு வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. "அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான், பொறு" என்கிறேன். மருமகள் கேட்பதாயில்லை. (சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு பாட்டி)

அம்மா, இந்த முறை மருமகள் பக்கம் நில்லுங்கள். தாமதமாகப் பேசுவது மட்டும் ஆட்டிசம் ஆகாது. ஆனால் பேச்சு வராத பிள்ளைகூட வானத்தில் விமானத்தைக் கண்டால் விரல் நீட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். பெரும்பாலும் 18 மாதத்துக்குள் வந்துவிடும் பழக்கம் அது. பேரனிடம் அது இருக்கிறதா? பலதுறை மருந்தகத்துக்கு உடனே அழைத்துப் போகச் சொல்லுங்கள். அங்கே பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ போனால் குடிமக்களுக்கு மானியக் கட்டணம். காது கேட்கிறதா என்பதையும் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கேன் இல்லை. மகளோடு சோப்புக் குமிழி ஊதி விளையாடிவிட்டு ஆட்டிசம் என்கிறார்கள். எப்படி நம்புவது?

அந்த விளையாட்டுதான் சோதனை! ஆட்டிசத்தை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ஏடாஸ் என்ற முறையில் 40 முதல் 60 நிமிடம் பிள்ளையைக் கவனிப்பார்கள். குமிழி ஊதுபவர் சட்டென நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். "இன்னும்" என்பதைப் பிள்ளை எப்படிக் கேட்கிறது? கண்ணைப் பார்த்தா, கையைப் பிடித்து இழுத்தா, கேட்காமலே விலகிப் போகிறதா? ஒரு மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடாது என்பதால்தான் பிள்ளையைப் பற்றி உங்களிடமும் நிறையக் கேள்விகள் கேட்பார்கள். பழகுவதில் உள்ள சிரமத்தோடு, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வது, சத்தம் தாங்காமை போன்றவையும் சேர்ந்திருந்தால்தான் ஆட்டிசம் என்பார்கள். வீட்டில் எடுத்த வீடியோக்களையும் காட்டுங்கள்.

தடுப்பூசியால் வந்ததா?

இல்லை. அப்படிச் சந்தேகம் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் விலக்கிக்கொண்டது. தடுப்பூசிகளைத் தவறாமல் போடுங்கள்.

மகனுக்கு ஆட்டிசம் உறுதியாகிவிட்டது. இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்கிறார்கள் உறவினர்கள்.

வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் கூடுவதில்லை. தமிழை எடுத்துவிட்டால் தாத்தா பாட்டியோடு அவனுக்கு இருக்கும் கொஞ்சப் பேச்சும் போய்விடும். எனக்கு வேறொரு கவலை: மதிப்பீடு ஆங்கிலத்தில் மட்டும் நடந்திருந்தால், அவன் வீட்டில் சொல்லும் "தண்ணி", "தூக்கு", "வேணாம்" எல்லாம் கணக்கில் சேர்ந்தனவா? அடுத்த முறை போகும்போது அந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.