தியானத்தில் உட்கார்ந்தாலே எண்ணங்கள் பெருகுகின்றன. உள் அமைதிக்கு என்ன வழி?

யோகா, தியானம் இரண்டையும் முயன்று பார்த்தும் கண்ணை மூடியதும் மனம் முன்னைவிட அதிகமாக அலைகிறது, நமக்கு இது ஒத்துவராதோ என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்களாக உட்கார்ந்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: எனக்கும் அலைகிறது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

சும்மா இருப்பது மனிதனுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் திமோத்தி வில்சன் குழு 2014இல் வெளியிட்டது. ஆட்களைத் தனி அறையில் 15 நிமிடம் வெறுமனே உட்காரச் சொன்னார்கள். விரும்பினால் ஒரு பொத்தானை அழுத்தித் தனக்குத் தானே மின் அதிர்ச்சி கொடுத்துக்கொள்ளலாம். காசு கொடுத்தாவது அந்த அதிர்ச்சியைத் தவிர்ப்பேன் என்று முன்பே சொன்னவர்கள்தான் அவர்கள். இருந்தும் 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அழுத்திவிட்டார்கள்! எண்ணத்தை விரட்டப் பார்ப்பதும் உதவாது. வெள்ளைக் கரடியை நினைக்காதே என்றால் அதுவேதான் திரும்பத் திரும்ப வரும் என்று உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987லேயே சோதித்துக் காட்டினார்.

அதனால் மனதோடு நேராக மோதாமல் உடம்பிலிருந்து தொடங்குவதே என் வழக்கம். பதஞ்சலியின் 196 யோக சூத்திரங்களில் (195 என்று எண்ணுவோரும் உண்டு) ஆசனத்தைப் பற்றியவை மூன்றுதான். அவற்றில் முதலாவது, இருக்கை அசையாததாகவும் சுகமானதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. முட்டி வலித்தால் நாற்காலியில் உட்காருங்கள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருந்தால் தியானம் முழுக்க முட்டியைப் பற்றியதாகிவிடும். உட்காரும் முன் இடுப்பும் முதுகும் தளரும்படி கொஞ்ச நேரம் ஆசனம் செய்தால் போதும். தலைகீழாக நிற்பதெல்லாம் இதற்குத் தேவையே இல்லை.

அப்புறம் மூச்சு. எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். மூக்கு வழியாக 4 விநாடி இழுத்து 6 விநாடி விட்டால் அது 6 முறையாகக் குறையும். மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைச் சற்றே மெதுவாக்குகிறது. வெளிமூச்சு நீண்டால் உடம்பின் பரபரப்பு அடங்குவதற்கு அது ஒரு காரணம். மூச்சு முட்டுகிற அளவுக்கு இழுக்க வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கிப் பிடிக்கும் பயிற்சிகளுக்குத் தாங்களாகவே போகக் கூடாது.

கொஞ்ச நேரம் அப்படிச் செய்துவிட்டு எண்ணுவதை விட்டுவிடுங்கள். மூச்சு தன் போக்கில் போகட்டும், நீங்கள் கவனித்தால் போதும். மனம் எங்காவது ஓடும். ஓடியது தெரிந்ததும் கோபப்படாமல் மூச்சுக்குத் திரும்ப வேண்டும். நூறு முறை ஓடினால் நூறு முறை திரும்புவது, பயிற்சி என்பது அவ்வளவுதான்.

மௌனம் உதவுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாயை மூடிக்கொண்டு போனில் விரலால் பேசிக்கொண்டிருந்தால் அது மௌனமா? எழுந்ததும் போனைத் தொடாமல் அரை மணி நேரம் இருந்து பாருங்கள், வாரம் ஒருநாள் மௌன விரதத்தைவிட அது கடினம் என்பது என் எண்ணம்.

பலன் தெரிகிறதா என்று உட்கார்ந்த இடத்தில் தேடாதீர்கள். யாராவது சுருக்கென்று ஏதாவது சொல்லும்போது பதில் ஒரு நொடி தாமதமாக வருகிறதா பாருங்கள். எனக்கு அங்கேதான் முதலில் தெரிந்தது.

எடுத்த எடுப்பில் விபாசனா போன்ற 10 நாள் மௌன முகாமுக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய அதிர்ச்சிகளோ தீவிர மனச்சோர்வோ உள்ள சிலருக்கு நீண்ட மௌனத்தில் அவை கிளறப்படுவது உண்டு. அப்படி ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் பேசிவிட்டு, வீட்டிலேயே 10 நிமிடத்தில் தொடங்குங்கள்.