மால்டி படத்தில் லிப்பிட் திசுவுக்கு வெளியே பரவுவது ஏன்?

வணக்கம். மால்டி படத்துக்காக (லேசரால் திசுவின் மூலக்கூறுகளை அயனியாக்கி, நிறையை அளந்து, எது எங்கே இருக்கிறது என்று காட்டும் படம்) சுண்டெலி மூளையை ஓசிடி என்ற பாலிமர் பதிப்புப் பசையில் பதித்துச் சீவி, சிலைடுகளை மைனஸ் 80-இல் வைத்து, டிஹெச்பி மேட்ரிக்ஸை (லேசர் ஆற்றலை உறிஞ்சி அயனியாக்க உதவும் பூச்சு) ஸ்ப்ரே செய்திருக்கிறீர்கள், 798.5 நிறையில் வரும் லிப்பிட் உச்சி திசு விளிம்பைத் தாண்டித் தெரிகிறது என்கிறீர்கள். மேட்ரிக்ஸைவிட எனக்கு முதலில் சந்தேகம் ஈரத்தின் மீதுதான்.

சென்னைக் காற்றில் ஃப்ரீசர் சிலைடை அப்படியே திறந்தால் நொடிகளில் பனி படியும். அந்த நீரில் உப்பு நகரும், மூலக்கூறுகளும் இடம் மாறும். மூளையில் 798.5 பெரும்பாலும் பிசி 34:1 என்ற லிப்பிட் பொட்டாசியத்தோடு சேர்ந்த அயனி. அதனால் உப்பு நகர்ந்தாலே படம் மாறிவிடும். சிலைடு பெட்டியைச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத பையில் மூடி வையுங்கள். எடுத்த பிறகு, பை அறை வெப்பநிலைக்கு வந்து அதன் வெளிப்பக்கம் காயும்வரை திறக்கவே வேண்டாம். பிறகு வெற்றிட டெசிகேட்டரில் (ஈரத்தை உலர்த்தும் மூடிய கலம்) அரை மணி நேரம்.

அப்படியும் பரவினால், அடுத்தடுத்த இரண்டு சீவல்களில் ஒன்றுக்கு ஸ்ப்ரே, மற்றதற்குச் சப்ளிமேஷன் (திரவமின்றி மேட்ரிக்ஸை ஆவியாக்கிப் படியவைப்பது) செய்து ஒப்பிடுங்கள். சப்ளிமேஷனில் விளிம்பு கூர்மையாக வந்தால் கோளாறு ஸ்ப்ரேயில்தான். நாசில் கடந்ததும் சிலைடில் பளபளக்கும் ஈரப்படலம் நிற்கக் கூடாது. திரவ ஓட்டத்தைக் குறைத்து, நாசில் வேகத்தையும் சுற்றுகளையும் கூட்டுங்கள். சப்ளிமேஷனிலும் பரவினால், அதற்கு முந்தைய படியில்தான் தேட வேண்டும்.

ஓசிடியில் முழுதாகப் பதிப்பதைத் தயவுசெய்து விடுங்கள். அந்தப் பாலிமர் கத்தியோடு இழுபட்டுத் திசுவின் மேல் பூசிக்கொண்டு லிப்பிட் சிக்னலை அமுக்கும்; 44 நிறை இடைவெளியில் வரிசையாக உச்சிகள் தெரிந்தால் அதுதான். உறைந்த மூளையின் அடியை மட்டும் ஒரு சொட்டு ஓசிடியால் ஒட்டி, கத்தி அதைத் தொடாத உயரத்தில், 10 மைக்ரான் தடிமனில் சீவுங்கள்.