மகளைப் பற்றி ஏன் கேட்கவில்லை?

கேள்வி: சாதாரண தரம் படிக்கும் என் மகன் பள்ளிக்கூடக் காதல் படங்களாகத் தேடித் தேடிப் பார்க்கிறான். ரியூசனுக்கும் மட்டம் போடுகிறான். இந்தப் படங்கள் பிள்ளைகளைக் கெடுத்துவிடாதா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: மகன் கெட்டுப்போக மாட்டான் அம்மா. பதினாறு வயதில் காதல் படம் பார்க்காமல் பிறகு எப்போது பார்ப்பது? என்னை உறுத்துவது வேறு. இப்படி வரும் கடிதங்களில் எப்போதும் மகன்தான். மகள் வருவதே இல்லை. படங்களிலும் அப்படித்தான். பையன் பார்ப்பான், ஏங்குவான், தாடி வளர்ப்பான். பெண்பிள்ளை ஒருமுறை திரும்பிச் சிரித்தால் அவள் வேலை முடிந்தது. அவள் மனதில் என்ன ஓடியது என்று ஒருவரும் கேட்பதில்லை.

1968இல் சிங்களப் பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் கேட்டார். அவருடைய 'கொளு ஹதவத்த' படத்தின் முற்பாதி மாணவன் சுகத்தின் பக்கம். தம்மி ஏன் விலகினாள் என்று அவனுக்கும் விளங்காது, நமக்கும் விளங்காது. பிற்பாதியில் அதே கதை தம்மியின் பக்கமிருந்து விரிகிறது. அதுவரை கல்நெஞ்சக்காரி என்று நாம் திட்டிக்கொண்டிருந்தவள் எவ்வளவு தவித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிகிறது. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தும் இந்தப் படத்தைப் பார்க்காத தமிழர்கள் எத்தனை பேர்! சென்னையிலிருந்து வரும் எந்தக் குப்பைக்கும் முதல் நாளே டிக்கெட் எடுக்கிறோம். இதை எழுதி முன்பும் பலரின் கோபத்தைச் சம்பாதித்தேன். இன்னும் எழுதுவேன்.

மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா 1979இல் 'அழியாத கோலங்கள்' எடுத்தார். விடலைப் பருவத் தவிப்பை அத்தனை நேர்மையாகச் சொன்ன தமிழ்ப் படங்கள் அரிது. ஆனாலும் அது மூன்று பையன்களின் கதை.

ரியூசன் என்றீர்களே, ஞாயிறு மாலை உங்கள் ஒழுங்கையில் வகுப்பு விடும் நேரம் சற்று நின்று பாருங்கள். ஒருத்தியின் கொப்பியை இன்னொருத்தி பறித்துக்கொண்டு சிரித்தபடி மாணவிகள் படியிறங்குவார்கள். வாசலில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிடும். கொப்பிகளை நெஞ்சோடு அணைத்தபடி ஏறிப் போவார்கள். அந்தப் படிக்கட்டில் ஒரு முழுப் படம் இருக்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமையையாவது பிள்ளைகளுக்கு விட்டுவையுங்கள் என்று ரியூசன் ஆசிரியர்களிடம் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. வகுப்புகள் கூடினவே தவிரக் குறையவில்லை.

வீட்டில் மகளும் இருந்தால், அடுத்த படத்தை மூவருமாக உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் முதலில் அவளைப் பேசவிடுங்கள்.