சூப்பர் நின்டெண்டோவில் சிம்சிட்டி: பழைய கேசட் வாங்கலாமா?

கேள்வி: டிவியில் மாட்டி ஆடும் பழைய கன்சோலான சூப்பர் நின்டெண்டோவுக்கு 1991-ல் வந்த சிம்சிட்டி (நகரம் கட்டி ஆளும் விளையாட்டு) கேசட் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. "போட்டுப் பார்த்தாச்சு, நன்றாக ஓடுகிறது" என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பதில்: "ஓடுகிறது" என்பது இந்த விளையாட்டுக்குப் போதாது. நீங்கள் கட்டும் நகரம் கேசட்டுக்குள் இருக்கும் ஒரு சிறிய மெமரி சிப்பில் சேவ் ஆகிறது. டிவியும் கன்சோலும் அணைந்திருக்கும்போது அந்தச் சிப்புக்கு உயிர் கொடுப்பது காசு அளவுள்ள ஒரு பேட்டரி. அது செத்துப்போனாலும் விளையாட்டு தொடங்கும், இசை வரும், சாலை போடலாம், வரி வசூலிக்கலாம். அணைத்துவிட்டு மறுபடி வந்தால்தான் நகரத்தைக் காணோம் என்று தெரியும். இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்த விற்பவருக்கு இது தெரிந்திருக்காது. அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

ஆகவே இப்படிக் கேளுங்கள்: ஒரு நகரத்தைத் தொடங்கி, பெயர் வைத்து, சேவ் செய்து, கேசட்டைக் கழற்றி ஓர் இரவு வெளியே வைத்துவிட்டு, மறுநாள் அதே நகரம் திறப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டு விலையைப் பேசுங்கள். படம் வந்தாலும் அது முப்பது வருடத்துக்கு முந்தைய பேட்டரியா, இடையில் யாராவது மாற்றியதா என்று கேட்பது நல்லது. பழையது என்றால் இன்று ஓடினாலும் அடுத்த மாதம் ஓடும் என்று சொல்ல முடியாது. ஐந்து லட்சம் மக்கள் வரை வளர்க்க வேண்டிய விளையாட்டை ஒரே உட்காரலில் யாரும் முடிப்பதில்லை. சேவ் போனால் பணம் போன மாதிரிதான்.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. வழக்கமாக உள்ளே இருப்பது சிஆர் 2032 வகை, 3 வோல்ட். ஆனால் அது பலகையில் சால்டர் செய்யப்பட்டிருக்கும், கையால் கழன்று வராது. இரண்டு பக்கமும் உலோகத் தகடு பற்றவைத்தே விற்கப்படும் பேட்டரியை வாங்கி, பிளஸ் மைனஸ் பார்த்துப் பொருத்த வேண்டும். கேசட்டைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் அளவில் தனி முனை கொண்ட திருப்புளி வேண்டும், சாதாரண ஸ்க்ரூடிரைவர் நுழையாது. சால்டரிங் பழக்கம் இல்லையென்றால் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பேட்டரியை டேப் போட்டு ஒட்டி விற்கப்பட்ட கேசட்டாக இருந்தால் தொட வேண்டாம். அப்புறம், பழைய பேட்டரியை எடுத்ததும் உள்ளே இருக்கும் நகரங்கள் அழிந்துவிடும். முந்தைய சொந்தக்காரரின் நகரத்தைச் சுற்றிப் பார்க்க ஆசை இருந்தால் அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஜப்பான் கேசட் மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: அமெரிக்க சூப்பர் நின்டெண்டோவில் அது நுழையவே நுழையாது. கேசட் வாயில் இரண்டு பிளாஸ்டிக் முனைகள் தடுக்கும். ஐரோப்பியக் கன்சோலில் வடிவம் பொருந்தும், ஆனால் வேறு நாட்டுக் கேசட்டைத் தடுக்க உள்ளே இருக்கும் பூட்டுச் சிப் விடாது. இதையெல்லாம் சமாளித்தாலும் எழுத்து முழுக்க ஜப்பானிய மொழி. குதித்து ஓடும் விளையாட்டு என்றால் பரவாயில்லை. இது பட்ஜெட்டும் ஆலோசனையும் படித்து ஆட வேண்டிய விளையாட்டு. ஜப்பானியம் வாசிக்கத் தெரிந்தால் தவிர, வேண்டாம்.

ஐரோப்பியப் பதிப்பு 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால் கொஞ்சம் மெதுவாக இருக்கும் என்பார்கள். ரேஸ் விளையாட்டில் அது உறுத்தும். இங்கே கவலைப்பட ஒன்றுமில்லை, நகரம் எப்படியும் நிதானமாகத்தான் வளர்கிறது.

கேள்வி: கணினியில் மவுஸ் வைத்து ஆடக்கூடியதை கன்சோலில் பட்டனை அழுத்தி ஆடுவானேன்? இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை, இங்கேதான் பலரும் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். வில் ரைட் உருவாக்கி 1989-ல் மாக்சிஸ் நிறுவனம் கணினிக்கு வெளியிட்ட சிம்சிட்டியை எடுத்து, நின்டெண்டோ தன் கன்சோலுக்காகத் தானே புதிதாகச் செய்தது. பச்சை முடியோடு டாக்டர் ரைட் என்று ஒரு ஆலோசகர் வருகிறார். மக்கள் புலம்புவதை அவர்தான் வந்து சொல்வார். பருவத்துக்கு ஏற்ப மரங்களின் நிறம் மாறும். நகரம் வளர வளர மேயர் வீடு, வங்கி, உயிரியல் பூங்கா என்று பரிசுக் கட்டடங்கள் கிடைக்கும். மக்கள்தொகை 5,00,000 ஆனால் மரியோ சிலை. 1961 டோக்கியோ என்ற சவாலில் நகரத்தை மிதிக்க வருவது மரியோவின் எதிரியான பவுசர். இவை எதுவும் கணினிப் பதிப்பில் கிடையாது. என்னைக் கேட்டால், இந்தப் பரிசுகள்தான் "இன்னும் ஒரு வருடம் ஆடிவிட்டு அணைக்கலாம்" என்று உட்கார வைக்கின்றன.

பட்டன் சிரமம் உண்மை. கர்சரை நகர்த்தி நீளமாகச் சாலை போடும்போது விரல் அலுக்கும். அதனால் பழகியவர்கள் கட்டம் கட்டமாகத் திட்டமிடுகிறார்கள். குடியிருப்பு, வணிகம், தொழில் என ஒவ்வொரு மண்டலமும் 3-க்கு 3 சதுரம். நடுவில் ஒரு மண்டல அளவு இடம் விட்டு, சுற்றி எட்டு மண்டலம் வைத்து, அதைச் சுற்றி ரயில் பாதை போட்டுவிட்டால் ஒரு தொகுதி முடிந்தது. நடுவில் போலீஸ் நிலையமோ பரிசுக் கட்டடமோ வைக்கலாம். சாலை சதுரத்துக்கு 10 டாலர், ரயில் 20 டாலர். விளையாட்டின் டாலரைத்தான் சொல்கிறேன். இரண்டு மடங்கு செலவென்று பயந்து சாலை போடுபவர்கள் பின்னால் போக்குவரத்து நெரிசலோடு மல்லுக்கட்டுவார்கள். ரயிலில் நெரிசல் இல்லை. எளிய நிலையில் 20,000 டாலரோடு தொடங்குகிறீர்கள். நிலக்கரி மின் நிலையம் 3,000 போனாலும் முதல் தொகுதிகளுக்கு ரயில் போடத் தாராளமாக மிச்சம் இருக்கும்.

கேள்வி: குட்டி சூப்பர் நின்டெண்டோ வாங்கினால் இது உள்ளே இருக்குமா? நின்டெண்டோவின் பிந்தைய கன்சோலான வீயில் கிடைக்கும் என்றும் சொல்கிறார்களே?

பதில்: 2017-ல் வந்த குட்டிக் கன்சோலில் 21 விளையாட்டுகள், அதில் சிம்சிட்டி இல்லை. வீயில் 2006 முதல் தரவிறக்க விற்பனையில் இருந்தது, 2013 தொடக்கத்தில் எடுத்துவிட்டார்கள். அந்தக் கடையே 2019 ஜனவரியில் மூடப்பட்டது. ஏற்கெனவே சிம்சிட்டி ஏற்றப்பட்ட பழைய வீ யாராவது விற்றால் மட்டும் யோசிக்கலாம். அந்த விளையாட்டு அந்தக் கன்சோலோடு கட்டுண்டது, இன்னொரு வீக்கு மாறாது. வாங்கிய பிறகு "புதுசு மாதிரி ஆக்குகிறேன்" என்று ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.

கேள்வி: என் டிவியில் எச்டிஎம்ஐ மட்டும்தான். கேசட், கன்சோல் இரண்டும் வாங்கினால் படம் வருமா?

பதில்: கன்வெர்ட்டர் வைத்தால் வரும். மலிவான கன்வெர்ட்டர் இரண்டு குறைகளைக் கொண்டுவரும்: படம் கொஞ்சம் தாமதமாக வரும், எழுத்து மங்கும். தாமதத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், கட்டடம் அரை நொடி தள்ளி எழும்பினால் நஷ்டமில்லை. மங்கல்தான் தொந்தரவு. மெல்லிய மின்கம்பியும் பட்ஜெட் எண்களும் தெரியாமல் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். படத்துக்கான சாதாரண மஞ்சள் ஒயரை விட்டுவிட்டு, அதைவிடத் தெளிவான எஸ்-வீடியோ கேபிளும் அதை ஏற்கும் கன்வெர்ட்டரும் பாருங்கள். பழைய கன்சோல் படத்தைப் புது டிவிக்கு ஏற்பப் பெரிதாக்கும் உயர்விலை ஸ்கேலர் இந்த ஒரு விளையாட்டுக்காக வேண்டாம்.

கேள்வி: என் பெண்ணுக்கு நகரம் கட்டும் விளையாட்டு பிடிக்கிறது. வீட்டில் பிளேஸ்டேஷன் 4 இருக்கிறது. பழையதைத் தேடி அலைய வேண்டுமா?

பதில்: வேண்டாம். சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் என்ற நகரம் கட்டும் விளையாட்டு 2017-லேயே பிளேஸ்டேஷன் 4-க்கு வந்துவிட்டது. மெனு எழுத்து சிறியது, டிவிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும். கூடுதல் பகுதிகள் நிறைய விற்கிறார்கள், முதலில் அடிப்படை விளையாட்டு மட்டும் போதும். பேருந்து வழித்தடம், தண்ணீர்க் குழாய், கழிவுநீர் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. ஆர்வம் நிலைத்தால் மற்றதைத் தள்ளுபடி வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.