அமெரிக்காவில் தேசியக் கட்சி மாநாட்டின் தொடக்க விழாவுக்குச் சாதாரண ஆள் போக முடியுமா? போனவர்களின் அனுபவம் என்ன?

மாநாட்டு அரங்குக்குள் பாஸ் இல்லாமல் கால் வைக்க முடியாது. தொடக்க விழா அப்படியல்ல. ஊரும் வருடமும் ஒத்துவந்தால் தாராளமாகப் போகலாம். 2012இல் நான் போனேன். எனக்கு அங்கே ஓட்டு கிடையாது, கிரீன் கார்டுகூடக் கிடையாது. எச்1பி விசாவில், ஒரு வங்கியின் மென்பொருள் வேலைக்காக வட கரோலினாவின் ஷார்லட்டில் இருந்தேன். அந்த ஊர்த் தமிழர்களில் பலருக்கு இதே வங்கிக் கதைதான்.

ஒபாமா இரண்டாம் முறை நின்ற தேர்தல் அது. அவரை வேட்பாளராக அறிவிக்கும் ஜனநாயகக் கட்சி மாநாடு செப்டம்பர் 4 முதல் 6 வரை. வழக்கமாக நான்கு நாள் நடப்பதை மூன்றாகச் சுருக்கி, முந்தைய நாளான திங்கட்கிழமையை ஊர்மக்களுக்கென்று விட்டுவிட்டார்கள். ‘கரோலினாஃபெஸ்ட்’ என்று பெயர். இலவசம். முதலில் ஊருக்கு வெளியே இருக்கும் கார் பந்தய மைதானத்தில்தான் நடத்துவதாக இருந்தது. பிறகு நகர மையத்துக்கே மாற்றினார்கள். (நகர மையத்தை அந்த ஊரில் டவுன்டவுன் என்று சொல்லிவிடாதீர்கள். அது ‘அப்டவுன்’. முதல் வாரத்திலேயே இரண்டு பேர் என்னைத் திருத்தினார்கள்.)

அன்று தொழிலாளர் தினம். அங்கே அது மே 1 அல்ல, செப்டம்பரின் முதல் திங்கட்கிழமை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தொழிற்சங்கங்கள் மிகவும் பலவீனமாக இருக்கும் மாநிலங்களில் வட கரோலினாவும் ஒன்று. அங்கே போய் மாநாடு வைத்தீர்களே என்று சங்கங்களுக்குக் கட்சி மேல் கோபம். ஆகஸ்டிலேயே ஃபிலடெல்ஃபியாவில் தனியாக ஒரு பேரணி நடத்திவிட்டார்கள். ஆக, தொழிலாளர் தினத்தன்று, வங்கிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் டிரையான் தெருவில், தொழிலாளர்களின் கட்சி என்று சொல்லிக்கொள்ளும் கட்சிக்குத் திருவிழா. வங்கி வேலைக்காரனான நான் பார்வையாளன்.

ரயிலில் வந்து, கொஞ்சம் முன்னாலேயே இறங்கி நடந்தேன். முதலில் கண்ணில் பட்டது கொடியோ தோரணமோ இல்லை, கம்பி வேலியும் போலீஸும்தான். மாநாட்டுப் பாதுகாப்புக்கென்றே மத்திய அரசு 5 கோடி டாலர் கொடுத்திருந்தது. கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் போலீஸ்காரர்கள். வழி கேட்டால் சிரித்துக்கொண்டே சொன்னார்கள், சிலர் அவர்களோடு படம்கூட எடுத்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் இதே பகுதியில் வங்கிகளை எதிர்த்து ஊர்வலம் போயிருந்தது.

வேலி தாண்டி உள்ளே போனால் நம் ஊர் பொருட்காட்சிதான். ஒரு மேடை, நிறையக் கடை, குழந்தைகளைத் தோளில் தூக்கிய அப்பாக்கள், தாங்க முடியாத புழுக்கம். ஒபாமா முகம் போட்ட சட்டை, விசிறி, தலையாட்டும் பொம்மை. கடற்கரை மணலைக் கொண்டுவந்து ஒபாமாவுக்கு ஒரு பெரிய சிலை செய்திருந்தார்கள். விழாவுக்கு ஓரிரு நாள் முன்னால் பெய்த மழையில் அது கொஞ்சம் கரைந்து, மறுபடி பூசியிருந்தார்கள்.

எனக்கு ஒரு பேட்ஜ் வாங்க ஆசை. பிரசாரக் குழுவின் சொந்தக் கடைக்குப் போனேன். அந்தப் பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். பெயர், முகவரி, வேலை, முதலாளி யார், அப்புறம் ‘நான் அமெரிக்கக் குடிமகன் அல்லது நிரந்தரமாக வசிக்கும் உரிமை (கிரீன் கார்டு) உள்ளவன்’ என்ற உறுதிமொழி. ஒரு பேட்ஜுக்கா என்று கேட்டேன். அங்கே சட்டம் அப்படித்தான்: வேட்பாளரின் கடையில் எது வாங்கினாலும் அது தேர்தல் நன்கொடைக் கணக்கில் வரும். வெளிநாட்டவன் ஒரு டாலர்கூட நன்கொடை தரக் கூடாது. படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன்.

பத்தடி தள்ளி நடைபாதையில் ஒரு கறுப்பினப் பாட்டி. தலையில் தொப்பி, தொப்பி முழுக்க பேட்ஜ், மடியில் ஒரு அட்டைப் பெட்டி. “ஒன்று மூன்று டாலர், இரண்டு ஐந்து டாலர்” என்றார். இது அவருடைய சொந்தச் சரக்கு, எந்தப் படிவமும் இல்லை. கடைக்காரி என்னைத் திருப்பி அனுப்பிய கதையைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். “அப்படியானால் நீயும் நானும் ஒன்றுதான் தம்பி” என்கிற மாதிரி ஏதோ சொல்லி, தான் முதல் முறை ஓட்டுப் போட்ட நாளைப் பற்றி ஆரம்பித்தார். 1965க்கு முன்னால் தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் ஓட்டுரிமைக்காகப் பட்ட பாட்டைப் படித்திருக்கிறேன். அதைத் தன் அம்மாவின் கதையாக ஒருவர் நடைபாதையில் உட்கார்ந்து சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். அந்த ஊரின் முதல் கறுப்பின மேயரான ஹார்வி கான்ட்டின் பெயரில் அமைந்த பண்பாட்டு மையம் அதே தெருவில் இருக்கிறது. அதைக் கைகாட்டி, போய்ப் பார் என்றார். அவர் கதை முடிவதற்குள் மழை வந்துவிட்டது. பெட்டியைப் பிளாஸ்டிக் உறையால் மூட நானும் கை கொடுத்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே கட்சிப் பணி அது.

சாயங்காலத்தின் பெரிய பெயர் பாடகர் ஜேம்ஸ் டெய்லர். அந்த மாநிலத்தின் சேப்பல் ஹில்லில் வளர்ந்தவர், ஊர்க்காரர்களுக்குச் சொந்தப் பிள்ளை மாதிரி. எனக்கு அவருடைய ஒரு பாட்டும் தெரியாது, சுற்றி நின்றவர்களுக்கு எல்லாமே தெரிந்தது. பேச்சுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய தலைவர்கள் எல்லாரும் செவ்வாயிலிருந்துதான்.

அந்தப் பேச்சுகளை நான் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன், பக்கத்து வீட்டு அக்காவோடு. அக்கா குடியுரிமை வாங்கியவர். வியாழக்கிழமை ஒபாமா திறந்தவெளி அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் பேசுவதாக இருந்தது. அதற்கு ஊர்மக்களுக்கும் பாஸ் உண்டு. மூன்று முறை போய் மொத்தம் ஒன்பது மணி நேரம் பிரசாரக் குழுவுக்கு வேலை செய்தால் ஒரு பாஸ். (அந்த மைதானத்தின் பெயரில் ஒரு வங்கி இருக்கிறது. வங்கிப் பெயர் வாயில் வரக் கூடாதென்று கட்சிக்காரர்கள் அதை, அங்கே ஆடும் அணியின் பெயரால், ‘பாந்தர்ஸ் மைதானம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.) அக்கா மூன்று சாயங்காலம் உட்கார்ந்து யார் யாருக்கோ போன் போட்டுப் பாஸ் வாங்கியிருந்தார். புதன்கிழமை, இடி மழை வரலாம் என்று சொல்லி, பேச்சை உள்ளரங்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஏறக்குறைய இருபதாயிரம் பேருக்குத்தான் இடம். மைதானத்துப் பாஸ் வைத்திருந்த 65,000 பேருக்கும் இடமில்லை.

மறுநாள் அவர்களுக்காக ஒபாமாவே போன் வழியாகப் பேசி வருத்தம் தெரிவித்தார். அக்கா சமையலறை மேடையில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். “மன்னிப்பெல்லாம் சரி, மழையைக் காணோமே” என்றார். நவம்பர் தேர்தலில் வட கரோலினா, எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் ராம்னி பக்கம் போனது. அதற்கு முந்தைய தேர்தலில் ஒபாமா அங்கே சுமார் 14,000 ஓட்டில் ஜெயித்திருந்தார்.

நீங்கள் போவதாக இருந்தால், எல்லா வருடமும் இப்படித் தெருத் திருவிழா இருக்காது, பல ஊர்களில் முதல் நாள் விருந்து பிரதிநிதிகளுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் மட்டும்தான். நடக்கும் ஊரின் அறிவிப்பை முன்கூட்டியே பாருங்கள். குடை எதற்கும் மடக்குக் குடையாக இருக்கட்டும். பேட்ஜ் வேண்டுமென்றால் நடைபாதையில் வாங்குங்கள்.